படத்துக்குக் கீழே எழுதியது

"ஏங்க... ஏங்க! அங்கயே நில்லுங்க! பின்னாடி போகாதீங்க!"

குரல் வந்த பக்கம் ரோஸ்லின் திரும்பவில்லை. கேமராவுக்குள் இரண்டு கொக்குகள். அவற்றின் காலடியில், உப்புப் பாத்தித் தண்ணீரில், தலைகீழாக இன்னும் இரண்டு. ஓர் அடி பின்னால் போனால் நான்கும் ஒரே படத்துக்குள் அடங்கிவிடும். ஒரே ஓர் அடி...

வைத்தாள்.

காலுக்கடியில் அப்பளம் நொறுங்குவதுபோல் ஒரு சத்தம். வெள்ளைவெளேரென்று உறைந்து கிடந்த உப்பு உடைந்து, வலது கால் கணுக்காலைத் தாண்டிச் சேற்றுக்குள் இறங்கியது. கொக்குகள் பறந்துவிட்டன.

"போச்சு!" அந்தக் குரல் இப்போது பக்கத்தில் வந்துவிட்டது. "நாளைக்கு வார வேண்டிய உப்புங்க இது. சேத்தைக் கலக்கிட்டீங்க. கண்ணு எங்க இருக்குது உங்களுக்கு?"

"கேமராவுல!" என்றாள் ரோஸ்லின், கோபமாக. கோபம் தன் மேல்தான். ஆனால் அதை இவனிடம் எப்படிக் காட்டிக்கொள்வது?

அவன் ஒரு கணம் அவளையே பார்த்தான். கையில் ஆள் உயரக் கம்பு, அதன் முனையில் உப்பு வாரும் பலகை. முட்டிவரை மடித்த கைலி. வெள்ளை வெயிலைப் பார்த்துப் பார்த்துச் சுருங்கிப் பழகிய கண்கள்... சிரிக்காதபோதும் சிரிப்பதுபோல் ஓரத்தில் இரண்டு கோடுகள். இமை முடியில்கூட உப்புத்தூள்.

ஐயோ, இது போட்டோவுல வருமா... என்று நினைத்தாள் ரோஸ்லின். சேற்றில் நின்றுகொண்டு நினைக்கிற நினைப்பா இது!

"கையைக் குடுங்க."

"நானே வருவேன்."

வந்தாள். ஷூ வரவில்லை.

வரப்பில் உப்புக் கூடையோடு வந்த அவன் அம்மா இதைப் பார்த்துவிட்டுக் கூடையை இறக்கி வைத்துச் சிரித்தார். "டேய் வேந்தா, சண்டை அப்புறம் போடு. அந்தப் பொண்ணு காலைக் கழுவத் தண்ணி குடுடா. கீறல் இருந்தா எரியும்."

கீறல் இருந்தது. எரிந்தது. அவன் தன் குடிதண்ணீர் பாட்டிலைத் திறந்து, அவள் காலில் மெல்ல ஊற்றினான். பிறகு சேற்றுக்குள் கையை விட்டு ஷூவைத் தேடி எடுத்து, அதையும் கழுவி வரப்பில் வைத்தான். பாட்டில் காலி. வெயில் தலைக்கு மேல்.

"நீங்க குடிக்க...?" என்றாள்.

"பரவால்லங்க. உங்களைத் திட்டுனதுல தாகமே போயிடுச்சு."

ரோஸ்லினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

புதுச்சேரியில் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுப்பவள் அவள். திங்கள் முதல் சனி வரை எலும்புகள். ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் தோழி பூஜாவோடும் இன்னும் நான்கைந்து பேரோடும் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். பொட்டானிக்கல் கார்டன், ஆரோவில் மரங்கள், லீவு சேர்ந்து வந்தால் ஏற்காடு மலர்த் தோட்டம்... யாருக்கும் இது தொழில் இல்லை. பூவை எடுப்பார்கள், டீ குடிப்பார்கள், எடுத்ததை ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வார்கள். அவ்வளவுதான். அந்த மார்ச் ஞாயிறு, பூவுக்குப் பதில் பறவை பார்க்கலாம் என்று பூஜா சொல்லித்தான் மரக்காணத்துக்கு வந்தார்கள்.

"உங்களை ஒரு போட்டோ எடுக்கலாமா?" அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

அவன் அம்மாவைப் பார்த்தான். அம்மா "எடுத்துக்கயேன்" என்பதுபோல் கையை வீசினார். அவன் பலகையை ஊன்றிக்கொண்டு நின்றான். பின்னால் உப்புக் குவியல், அதற்கும் பின்னால் வெறும் வானம்.

வாரம் முழுக்கச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். "மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க... அசையாதீங்க..." என்றுவிட்டாள்.

"இது போட்டோவா, எக்ஸ்ரேவா?" என்று அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு முடியும் முன்பே ஷட்டர் விழுந்தது.

"படத்தை எனக்கு அனுப்புவீங்கல்ல? நம்பர் சொல்றேன். பேரு தமிழ்வேந்தன்."

நம்பரைக் கேட்கத் தனக்குத் தைரியம் வந்திருக்காது என்பது வேனில் ஏறிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. "என்னடி, பறவையைப் படம் பிடிக்க வந்துட்டு வேற என்னமோ பிடிச்சிட்டுப் போற மாதிரி இருக்கு?" என்று பூஜா காதில் கிசுகிசுத்தாள். ரோஸ்லின் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கோட்டக்குப்பம் வரும்வரை திருப்பவே இல்லை.

படத்தை அனுப்பினாள். 'நானா இது?' என்று பதில் வந்தது. பிறகு, 'கால் எரிச்சல் போயிடுச்சா?' பிறகு... தினமும் ஏதோ ஒன்று.

வேந்தன் பி.எஸ்.சி. கெமிஸ்ட்ரி. சென்னையில் ஒரு மருந்துக் கம்பெனியில் இரண்டு வருடம் இருந்தான். அப்பா இறந்ததும் திரும்பி வந்து, அம்மா மலர்கொடியோடு குத்தகைப் பாத்திகளைப் பார்த்துக்கொள்கிறான். "எல்லாரும் கஷ்டப்பட்டு வந்துட்டேன்னு நினைக்குறாங்க. எனக்கு இது பிடிச்சிருக்குதுங்க. காலையில தண்ணி விடுறேன், வெயிலு வேலை செய்யுது, உப்பு பூக்குது. உங்க கார்டன் மாதிரிதான். ஒரே ஒரு பூ, வெள்ளை" என்று ஒருநாள் போனில் சொன்னான்.

அந்த வாக்கியத்தை ரோஸ்லின் அன்று பத்துத் தடவையாவது மனதுக்குள் சொல்லிப் பார்த்திருப்பாள்.

ஏப்ரலில் ஒரு ஞாயிறு அவன் பொட்டானிக்கல் கார்டனுக்கு வந்தான். போன் கேமராவில் பூவை எப்படிப் படம் எடுப்பது என்று அவள் சொல்லித் தருவதாக ஏற்பாடு.

"கிட்டப் போங்க. இன்னும் கிட்ட. பூவுக்குப் பின்னாடி வெளிச்சம் இருக்கணும்."

"எங்க ஊர்ல பாத்திக்குள்ள ஒரு புல்லு முளைச்சாலே பிடுங்கி எறிவோம். இங்க செடிக்கு டிக்கெட் போட்டுக் காட்டுறீங்க!"

"பேசாம எடுங்க."

எடுத்தான். வெகுநேரம் எடுத்தான். வாங்கிப் பார்த்தாள். செம்பருத்தி ஒரு மூலையில் மங்கலாக இருந்தது. நடுவில், வாயைத் திறந்து ஏதோ விளக்கிக்கொண்டிருக்கும் அவள் முகம்.

"ஃபோகஸ் தப்பாயிடுச்சு" என்றாள், காது சிவக்க.

"எனக்கு அப்படித் தோணலங்க" என்றான் அவன், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

இப்படியே போயிருக்கலாம். போகவில்லை. அதற்குக் காரணம் வேறு யாரும் இல்லை, ரோஸ்லின்தான்.

மே மாதம் ஒரு தோட்டக்கலைச் சங்கம் மலர்க் கண்காட்சி நடத்தியது. கூடவே பொழுதுபோக்காகப் படம் எடுப்பவர்களுக்கு ஒரு போட்டி. பூஜா ரோஜாவை அனுப்பினாள். ரோஸ்லின் வேந்தனைக் கேட்டுக்கொண்டு அவன் படத்தை அனுப்பினாள். படிவத்தில் 'தலைப்பு' என்று ஒரு கட்டம் இருந்தது. மதியச் சாப்பாட்டு நேரம்; வெளியே ஆறு நோயாளிகள் காத்திருந்தார்கள். போன வருடம் பரிசு வாங்கிய படங்களின் தலைப்புகள் நினைவுக்கு வந்தன. கண்ணீர், பசி, வறுமை... அப்படி எழுதினால்தான் நடுவர்கள் நின்று பார்ப்பார்கள் என்று எல்லோரும் சொல்வதுண்டு. அவளும் எழுதினாள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. எழுதியதை அன்று மாலையே மறந்தும் போனாள்.

கண்காட்சி அன்று அவன் இஸ்திரி போட்ட நீலச் சட்டையில் வந்தான். தனியாக இல்லை. பட்டுப் புடவையும் தலை நிறையக் கனகாம்பரமுமாக மலர்கொடியும் வந்திருந்தார். மகன் படத்தைப் பார்க்கப் பாத்தி வேலைக்கு லீவு.

பந்தலுக்குள் அவன் படம்தான் பெரிதாக இருந்தது. ஓரத்தில் 'இரண்டாம் பரிசு' என்று ரிப்பன். ரோஸ்லின் தூரத்திலிருந்தே அவர்களைப் பார்த்துவிட்டாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தவள், அவர்கள் முதுகுக்குப் பின்னால் வந்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

படத்துக்குக் கீழே, தடித்த எழுத்தில், அவள் எழுதியது இருந்தது.

'விடியாத வாழ்க்கை. மரக்காணத்து ஏழை உப்பளத் தொழிலாளி.'

"கீழ என்னமோ எழுதியிருக்குதே... என்னடா போட்டிருக்குது?" என்று கேட்டார் மலர்கொடி.

வேந்தன் அதை இன்னொரு முறை படித்தான்.

"தமிழ்வேந்தன், மரக்காணம்... மலர்கொடி மகன்னு போட்டிருக்குதும்மா."

"என் பேருமா போட்டிருக்குது?"

"ஆமாம்மா. பெரிசா."

மலர்கொடி முந்தானையால் கண்ணாடிச் சட்டத்தை ஒருமுறை துடைத்தார். அவ்வளவுதான். ரோஸ்லின் ஓர் அடி பின்வாங்கினாள். அப்போதுதான் அவன் திரும்பினான். அந்தக் கண்களின் ஓரத்தில் இருந்த இரண்டு கோடுகள்... இல்லை. முதல் தடவையாக அவை இல்லை.

அம்மா அடுத்த படத்துக்கு நகர்ந்த பிறகு, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்.

"எங்க அம்மாவுக்குப் படிக்கத் தெரியாதது நல்லதாப் போச்சுங்க."

"வேந்தன், நான் யோசிக்காம..."

"யோசிச்சிருந்தா வேற மாதிரி எழுதியிருப்பீங்களா? நான் போன்ல பேசுனதெல்லாம் உங்களுக்கு என்னாவா கேட்டுச்சு? ஏழை பாவம், ஏதோ பேசுறான்னா?"

பதில் சொல்வதற்குள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டான். மலர்கொடி மட்டும் வாசலில் திரும்பி, "ஊருக்கு வா கண்ணு!" என்று கை அசைத்தார். அதுதான் ரோஸ்லினைச் சுத்தமாக உடைத்துப் போட்டது.

அன்றே படத்தைக் கழற்றினாள். "பரிசு வந்த படம்மா, எடுக்கக் கூடாது" என்றார்கள். "தலைப்பு பொய் சார். இவரைப் பத்தி நான் பொய் எழுதிட்டேன். எனக்குப் பரிசு வேணாம்" என்றாள். பூஜா வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள்.

போன் செய்தாள். எடுக்கவில்லை. மன்னிப்புக் கேட்டு நீளமாக எழுதினாள். நீல டிக் வந்தது, பதில் வரவில்லை. ஒரு வாரம்... இரண்டு வாரம். எக்ஸ்ரே அறையில் "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று சொல்லும்போதெல்லாம் அவள் மூச்சுதான் நின்றது. வீட்டில் அப்பா டோமினிக், "ஏம்மா, இந்த ஞாயித்துக்கிழமையும் கேமராவைத் தொடலியா? உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

மூன்றாவது ஞாயிறு, பூசை முடிந்ததும், யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினாள். கையில் கேமரா இல்லை. மனசில் ஒரே ஒரு முடிவு. அவனிடம் இல்லை, அந்த அம்மாவிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். மன்னிக்கிறாரோ, துரத்துகிறாரோ...

கீழ்புத்துப்பட்டைத் தாண்டும்போது பஸ்ஸுக்குள் இருட்டிக்கொண்டு வந்தது. கடல் பக்கம் கருகருவென்று மேகம். கத்திரி வெயிலில் காய்ந்த ஜனம் ஜன்னலைத் திறந்துவிட்டு, "அப்பாடா, ஒரு மழை பெஞ்சாத் தேவல" என்றது. முன்சீட்டுப் பெண் கையை வெளியே நீட்டிச் சிரித்தாள். ரோஸ்லின் மட்டும் எழுந்து படிக்கட்டுப் பக்கம் போய் நின்றாள். வேந்தன் ஒருநாள் சொல்லியிருந்தான், எல்லாருக்கும் மழை சந்தோசம், எங்களுக்கு மட்டும் நட்டம் என்று.

இறங்கி ஓடினாள்.

உப்பளம் முழுவதும் ஆட்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். பாத்தியில் கிடப்பதை இனிக் காப்பாற்ற முடியாது. வாரிக் குவித்ததையாவது மூட வேண்டும். வேந்தன் ஒரு பெரிய குவியலின்மேல் தார்ப்பாயை இழுத்துக்கொண்டிருந்தான். காற்று அதைப் பாய்மரம்போல் ஊதித் தூக்கியது. அந்தப் பக்க முனையை மலர்கொடி இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார்.

ரோஸ்லின் செருப்பை உதறிவிட்டு வரப்பின் மேலேயே ஓடி, மலர்கொடியின் பக்கத்தில் போய் அந்த முனையைப் பிடித்தாள்.

வேந்தன் பார்த்தான். அவன் முகத்தில் என்ன தோன்றியது என்று கவனிக்க நேரமில்லை. "இழுங்க! கீழ இழுத்துக் கல்லை வையுங்க!" என்று மட்டும் கத்தினான்.

இழுத்தாள். கல்லைத் தூக்கி வைத்தாள். இன்னொரு கல். அடுத்த குவியலுக்குத் தென்னங்கீற்று. கீற்றின் சிலாம்பு விரலில் குத்தி ஏறியது. முதல் துளி நெற்றியில் விழுந்தபோது மூன்றாவது குவியலையும் மூடியிருந்தார்கள். நாலாவதற்கு ஓடுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. சடசடவென்று... வானமே அறுந்து கொட்டுவதுபோல்... வெள்ளைப் பாத்திகள் எல்லாம் ஒரே கணத்தில் சாம்பல் நிறக் குளமாயின. நாலாவது குவியலின் உச்சி கண்ணெதிரே கரைந்து வழிந்தது.

அதைப் பார்த்துக்கொண்டு மூவரும் அசையாமல் நின்றார்கள்.

"மூணு தப்பிச்சுது. போதும்" என்றார் மலர்கொடி. "வாங்க, கொட்டகைக்கு."

ஓலைக் கொட்டகைக்குள் மூவரும் சொட்டச் சொட்ட நின்றார்கள். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் இல்லை.

"அம்மா... அந்தப் படத்துக்குக் கீழ உங்க பேரு இல்லம்மா. அவரு உங்களுக்காகப் பொய் சொன்னாரு. அங்க இருந்தது நான் எழுதுனது. ரொம்பத் தப்பா எழுதிட்டேன்."

"ஏங்க, அதெல்லாம் இப்ப எதுக்கு..." வேந்தன் பதறினான்.

மலர்கொடி தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்: "என் பேரு அதுல இல்லேன்னு எனக்குத் தெரியும்."

இருவரும் திகைத்துப் பார்த்தார்கள்.

"மத்த எழுத்து தெரியாது. என் பேரு தெரியாதா? நூறு நாள் வேலைக்குக் கையெழுத்து போட்டுக்கிட்டுத்தானே இருக்கேன். படத்துக்குக் கீழ இருந்த அட்டையில மேலயும் கீழயும் தேடிட்டேன். மலர்கொடி எங்கயும் இல்ல. புள்ள எதையோ மறைக்குறான், கேட்டா அவன் மனசு கஷ்டப்படும்னு விட்டுட்டேன்." துண்டை உதறினார். "இப்ப சொல்லு. என்ன எழுதியிருந்த?"

ரோஸ்லின் சொன்னாள். ஓர் எழுத்தும் குறைக்காமல் சொன்னாள்.

மலர்கொடி மகனை மேலும் கீழும் பார்த்தார்.

"தினமும் நாலு மணிக்கு எழுந்து வர்றவன். இவனுக்கா விடியல? இவன் எழுந்துதான் எனக்கே விடியுது!" சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். "ஏழைன்னு எழுதுனது கூடப் பெரிசு இல்ல கண்ணு. சிரிச்சுக்கிட்டு நிக்குற புள்ளையைப் பாத்து விடியலன்னு எழுதிட்ட பாரு... அதான். ஆனா ஒண்ணு. பொய்ய எழுதிட்டு, தப்புன்னு ஒத்துக்க இந்த மழையில வந்திருக்க. எத்தினி பேரு வருவாங்க?"

அவள் அழுதுவிட்டாள். அந்த ஈர முந்தானையாலேயே மலர்கொடி அவள் முகத்தைத் துடைத்துவிட்டு, "பக்கத்துக் கொட்டகையில ஆண்டாள் அடுப்பு மூட்டியிருப்பா. டீ வாங்கியாறேன்" என்று கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு மழைக்குள் இறங்கிவிட்டார்.

இருவரும் தனியாக. மழை வேறு...

"கையைக் காட்டுங்க" என்றான் வேந்தன். சிலாம்பு ஏறியிருந்த விரலைப் பிடித்து, வெளிச்சத்தில் வைத்து, மெதுவாக உருவி எடுத்தான். எடுத்த பிறகும் விரலை விடவில்லை.

"படத்தைக் கழட்டிட்டீங்களாமே. பூஜா மெசேஜ் போட்டிருந்தாங்க."

"தெரிஞ்சும் பதில் போடலியே நீங்க..."

"கோவம். மொத வாரம் நெசமாவே கோவம்."

"அப்புறம்?"

அவன் வெளியே பார்த்தான். ஒரு மாத உழைப்பு தண்ணீராய் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி அவன் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

"அப்புறம் பயம். போனை எடுத்தா, மன்னிச்சிட்டேன்னு சொல்லுவேன். அதோட நிக்க மாட்டேன். மத்ததையும் சொல்லிடுவேன். நீங்க பாவம் பாத்து சரின்னு சொல்லிட்டீங்கன்னா? பாவம் பாத்து வர்ற எதுவும் எனக்கு வேணாங்க, ரோஸ்லின்."

முதல் தடவையாக அவன் வாயில் அவள் பெயர். இந்தப் பெயர் இவ்வளவு அழகா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"பாவம் பாக்குறவ மழையில வந்து கல்லு தூக்குவாளா?" என்றாள். அழுகையும் சிரிப்புமாக வந்தது. "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு, வேந்தன். அன்னிக்குச் சேத்துல நின்னப்பவே பிடிச்சுது. உங்க கண்ணுல ஆரம்பிச்சு... இப்போ எல்லாமே. இதுல பாவமும் இல்ல, ஒண்ணும் இல்ல."

அவன் மூச்சை இழுத்துவிட்டான்.

"உங்க வீட்டுல மாதா கோயிலு. எங்க வீட்டுல அம்மன் கோயிலு. உங்க அப்பா என்ன சொல்லுவாரு?"

"ரெண்டு நாள் பேச மாட்டாரு. மூணாவது நாள் உங்களைப் பாக்கணும்னு கேப்பாரு. நாலாவது நாள் என்ன கேப்பாருன்னு எனக்கே தெரியாது." அவள் அவன் கண்களை நேராகப் பார்த்தாள். "நீங்க இன்னும் சொல்லல."

"என்னத்த?"

"அந்த மத்ததை."

சுருங்கிப் பழகிய அந்தக் கண்கள் மெல்ல விரிந்தன. ஓரத்தில் இரண்டு கோடுகள் வந்துவிட்டன...

"உங்க கூடவே இருக்கணுங்க. வேற என்ன... இதைச் சொல்லத்தான் ரெண்டு வாரமா பயந்துகிட்டுக் கெடந்தேன்."

அவள் பையில் போன் அடித்தது. அப்பா. கையை அவனிடமிருந்து விடுவித்துக்கொள்ளாமலே மறு கையால் எடுத்தாள்.

"ரோஸி, இங்க மழை கொட்டுது. எங்கம்மா இருக்க?"

"மரக்காணத்துல இருக்கேம்ப்பா. நனைஞ்சிட்டேன். நல்லாத்தான் இருக்கேன்." ஒரு கணம் நிறுத்தினாள். எதிரில் நின்றவன் மூச்சு விடவில்லை. "வந்ததும் உங்ககிட்ட ஒருத்தரைப் பத்திச் சொல்லணும்ப்பா. முழுசா, உண்மையா சொல்லணும். வெளிய எங்கயும் போயிடாதீங்க... சாயங்காலத்துக்குள்ள வந்துடுறேன்."